புகைக்கூட்டால் வந்த தண்ணி

இதை எழுதுகிற தை மாதத்தில் பெரிய மழையெல்லாம் பெய்து ஓய்ந்துவிட்டது. குசினிப் பறணில் மாமி கொறுக்காப்புளி முட்டியையும் உப்புப் பானையையும் திரும்ப ஏற்றி வைத்துவிட்டார். இரண்டு மாரியாக அவை மேசைக்குக் கீழே ஒரு வாளிக்குள் கிடந்தன. புகைக்கூட்டு ஒழுக்கு நின்றுவிட்டது என்று நான் பத்துத் தரம் சொல்லியும் நம்பாத மனுசி, கேட்காமலே பானையைத் தூக்கி மேலே வைத்தது கடந்த கிழமைதான். அதற்குப் பிறகுதான் எழுதலாம் என்று எனக்கும் துணிவு வந்தது.

வீடு மட்டக்களப்புக்குத் தெற்கே ஆரையம்பதியில், கடலில் இருந்து 600 மீற்றர் தூரத்தில். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நான் வந்து சேர்ந்த மருமகன். குசினி மட்டும் வீட்டை விட வயது கூடியது. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் பழைய கிடுகுக் குசினி எங்கே போனதென்றே தெரியவில்லையாம். அடுத்த வருடம் மாமா கல்லால் குசினி கட்டி, கலிகட் ஓடு போட்டு, மூலையில் புகைக்கூடும் எழுப்பினார். மாமா இப்போது இல்லை. புகைக்கூடு இருக்கிறது.

கேஸ் அடுப்பு எங்களிடமும் உண்டு. ஆனால் 2022 இல் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பின நாட்களில் இந்த விறகடுப்புத்தான் சோறு போட்டது. மாமி அன்றைக்கு மூட்டின அடுப்பை இன்றுவரை கைவிடவில்லை. பொச்சு, மட்டை, சிரட்டை என்று வளவிலேயே விறகு கிடக்கிறது. அதனால் "கூட்டை இடித்து ஓடு போட்டு மூடிவிடுங்க" என்று சொன்னவர்களின் யோசனை எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

முதலில் கூட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே 18 அங்குலச் சதுரம். சுற்றிவர நாலரை அங்குலச் செங்கல் சுவர், அதற்கு மேல் பூச்சு. வெளியே அளந்தால் 28 அங்குலம். கூரையின் முகட்டில் இருந்து 5 அடி கீழே, சரிவின் நடுவால் ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. மேல்நுனியில் நாலு மூலையிலும் 9 அங்குல உயரத்துக்குச் செங்கல் கால். அவற்றுக்கு மேலே ஒரு கொங்கிறீற் மூடி. புகை நாலு பக்கத்தாலும் போகும், மழை விழாது. விழாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2023 ஐப்பசியில் முதல் கறை வந்தது. பிளைவூட் சீலிங்கில், கூட்டில் இருந்து சரியாக 5 அடி தள்ளி, தேத்தண்ணி ஊற்றினது போல ஒரு வட்டம். அந்த சீலிங் அழகுக்காக நான் 2017 இல் அடித்தது. இந்தக் கதையில் என்னுடைய முதல் பிழை அதுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. சீலிங் இல்லாத காலத்தில் நிமிர்ந்து பார்த்தால் எந்த வளை மரத்தால் தண்ணீர் ஓடுகிறது என்று அப்படியே தெரிந்திருக்கும்.

ஒரு விடயத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினேன். அடுத்த மழைக்குக் கறை கோட்டைத் தாண்டினால் இன்னொரு கோடு. 2024 தை முடியும்போது ஏழு கோடு. பார்க்க நிலப்பட வரைபடம் மாதிரி இருந்தது. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன், கோடு போடுவது பழக்கம்.

மழை விட்டதும் ஹாட்வெயார் கடையில் கேட்டேன். "கூட்டுப் பூச்சில மயிர் வெடிப்பு இருக்கும் சேர், வோட்டர்புறூப் பெயின்ற் ரெண்டு கை அடிங்க" என்றார்கள். போய்ப் பார்த்தேன், மயிர் வெடிப்பு இருந்தது. 45 வருடப் பழைய பூச்சில் அது இல்லாவிட்டால்தான் அதிசயம். 8,700 ரூபாய்க்குப் பெயின்ற் வாங்கி நாலு பக்கமும் அடித்தேன். கச்சான் காற்றுக் காலம் முழுக்க வெள்ளை வெளேரென்று நின்றது. 2024 கார்த்திகையில் முதல் வாடை மழைக்கே கறை ஏழாவது கோட்டையும் தாண்டியது. அதை விட மோசம், பெயின்ற் கையளவு கையளவாகக் கொப்பளித்தது. குத்தினால் உள்ளே தண்ணீர். அதாவது சுவருக்குள் வேறு எங்காலோ தண்ணீர் போகிறது. வெளியே வர இருந்த வழியை நான் காசு கொடுத்து அடைத்திருக்கிறேன்.

அப்போதாவது நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு, ஓடும் கூடும் சந்திக்கிற மூலை முழுக்க இரண்டு ரியூப் சிலிக்கன் பிழிந்தேன், 2,900 ரூபாய். ஈரச் சாந்தில் சிலிக்கன் ஒட்டாது என்பது பிறகு தெரிந்தது. மூன்று கிழமையில் நுனியைப் பிடித்து இழுத்தபோது நூடில்ஸ் போல முழுநீளமாகக் கையோடு வந்தது.

மாமி அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "மருமகன், புகை போற பாதையால தண்ணி வரல்ல. வாடை அடிச்சா மட்டும் இல்ல, காத்தே இல்லாம நேரா ஊத்தினாலும் வருது. நீங்க பள்ளிக்கூடம் போன பொறகு நான்தானே பாக்கிறன்."

காற்று இல்லாத மழைக்கும் ஒழுகினால் பக்கச் சுவர் வெடிப்பு முதல் சந்தேகம் அல்ல. கூரையால் ஓடி வருகிற தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். இதை அவர் ஒரு வருடத்துக்கு முதலே சொல்லியிருப்பார், நான் கேட்டிருக்க மாட்டேன்.

2025 ஆனியில்தான் முறையாகத் தொடங்கினேன். வைகாசியில் செய்ய நினைத்தது. கண்ணகை அம்மன் சடங்கு நாட்களில் ஊரில் மேசன் பிடிக்க முடியாது, நானும் கோயிலடியில்தான் நின்றேன்.

முதலில் உள்ளே. அடுப்பை இரண்டு நாள் மூட்டாமல் விட்டோம். அடுப்பு வாயை நனைத்த சாக்கால் மூடி, மூங்கில் நுனியில் ஈர்க்குமாறைக் கட்டி மேலிருந்து கீழே கூட்டினேன். முக்கால் வாளி கரி. கூட்டாமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கரி எல்லா வெடிப்பையும் மூடிவிடும். முகத்துக்கு மாஸ்க் கட்டாமல் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு நாள் கறுப்பாகத் துப்பினேன்.

பிறகு சவரக் கண்ணாடியை அடுப்புக்குள் சரிவாக வைத்தேன். காலை பத்து மணி வெயிலில் மேலே மூடியின் அடியும் நாலு வெளிச்சச் சதுரமும் கண்ணாடிக்குள் தெரிந்தன. மிச்சத்துக்குக் கைத்தொலைபேசி. அரை அங்குல பிவிசி பைப்பில் 12 அடி நீளத்துக்கு அதைக் கட்டி, லைற்றைப் போட்டு, வீடியோவை ஓட விட்டு மெதுவாக ஏற்றி இறக்கினேன். நாலு மூலைக்கும் நாலு வீடியோ. இரவில் இருந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வடகிழக்கு மூலையில் ஒன்று கண்ணில் பட்டது. கரி படிந்த கறுப்புச் சுவரில் மேலிருந்து மூன்றடி நீளத்துக்கு ஒரு விரல் அகலத்தில் வெளிறின கோடு. கண்ணீர் வடிந்த கன்னம் போல. கோடு முடிகிற இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேலே மூடியால் தண்ணீர் வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தக் கோடு மூன்றடியில் நின்றுவிட்டது. ஐந்தடி தள்ளியிருக்கிற சீலிங் கறைக்கும் அதற்கும் தொடுப்பு இல்லை. அப்படியென்றால் இரண்டு ஒழுக்கு. ஒன்று இருக்கும் என்று தேடுகிறவனுக்கு ஒன்று கிடைத்ததும் நின்றுவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அடுத்த நாள் கூரை. ஏணியை ஓட்டில் சாத்தாமல் சுவரில் சாத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியை முகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள தென்னையில் கட்டினேன். ஓட்டில் கால் வைப்பதென்றால் ஓடு தாங்குகிற மரச் சட்டமான சிலாகைக்கு நேர் மேலே, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். தெரிந்துதான் வைத்தேன். அப்படியும் வேலை முடியும்போது ஒன்பது ஓடு உடைந்தது.

சின்னச் சுத்தியலால் பூச்சைத் தட்டிக்கொண்டு போனேன். பிடித்திருக்கிற இடம் "டிக் டிக்" என்னும். விட்ட இடம் பழுத்த பூசணியைத் தட்டினது போல "பொத் பொத்" என்னும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டேன். வடகிழக்கு முகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 3 அடிக்கு 2 அடி பூச்சு விட்டிருந்தது. மற்ற மூன்று முகமும் பரவாயில்லை.

மூடிதான் பரிதாபம். மேலே பார்த்தால் ஒரு நூல் வெடிப்பு, அவ்வளவுதான். அடியில் கை விட்டுத் தடவினால் கொங்கிறீற் பாளம் பாளமாகக் கையோடு வந்தது. உள்ளே இருந்த கால் அங்குலக் கம்பி துருப்பிடித்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. கடல் உப்புக் காற்று ஒரு பக்கம், கம்பியை மூடியிருந்த கொங்கிறீற் அரை அங்குலம் கூட இல்லாதது மற்றப் பக்கம். துரு கம்பியை விடக் கனதியாக ஊதும், ஊதினதும் கொங்கிறீற்றை உள்ளே இருந்தே பிளக்கும். மூடியின் விளிம்புக்கு அடியில் நீர் சொட்டுகிற காடி, அதாவது சுற்றிவர ஓடும் சின்னப் பள்ளம், அதுவும் இல்லை. அதனால் மேலே விழுந்த தண்ணீர் விளிம்பால் சுற்றி, அடியால் ஊர்ந்து, செங்கல் காலுக்குத்தான் வந்திருக்கிறது.

இனித் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. இதிலும் ஒரு நாளைப் பாழாக்கினேன். ஹோஸ் பைப்பை எடுத்து நேராக மூடியில் இருந்து கீழே அடித்தேன். எல்லாம் நனைந்தது, உள்ளே சொட்டியது, எங்கால் வந்ததென்று மட்டும் தெரியவில்லை. காய இரண்டு நாள். இரண்டாம் தரம் கீழிருந்து மேலே போனேன். கூட்டின் கீழ்ப்பக்கம் ஓடு சேரும் இடத்தில் மட்டும் 15 நிமிடம். பிறகு வலப்பக்கம் 15, இடப்பக்கம் 15. சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி வைத்திருந்தேன். மகன் கீழே மேசை மேல் ஏறி நின்று ரோச் லைற்றோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருதா?"

"இல்லப்பா."

முக்கால் மணித்தியாலம் இதே பேச்சு. கடைசியாகக் கூட்டின் மேல்பக்கம், முகட்டைப் பார்க்கிற முதுகில், ஓட்டின் மேல் மெதுவாகத் தண்ணீரை விட்டேன். ஆறாவது நிமிடம் கீழே இருந்து சத்தம் வந்தது.

உறுதிப்படுத்த, துணிக்குப் போடும் நீலத்தை அரை வாளித் தண்ணீரில் கலந்து அதே இடத்தில் ஊற்றினேன். நான் இறங்கி வந்து பார்க்க, மேசையில் விரித்திருந்த பழைய பத்திரிகையில் ஒரு சொட்டு. நடுவில் நீலம், சுற்றிவரக் கரிச்சாறு. கூட்டின் முதுகால் இறங்கி, ஒரு சிலாகையைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி ஓடி, சிலாகையின் ஒட்டுப் போட்ட இடத்தில் விழுந்திருக்கிறது. அந்த ஐந்தடியை அளக்கத்தான் எனக்கு இரண்டு வருடம்.

கூட்டின் முதுகைத் தோண்டிப் பார்த்தேன். வேப்பிலை, மாவிலை, கரி எல்லாம் சேர்ந்து இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு அணை. முகட்டில் இருந்து வரும் தண்ணீர் 28 அங்குல அகலக் கூட்டில் முட்டி, பக்கத்தால் போக முடியாமல் தேங்கி, ஓட்டின் மேல்விளிம்பால் ஏறி உள்ளே போகிறது. ஓடும் கூடும் சேரும் மூலையில் சாந்தைச் சாய்வாகப் பூசி அடைத்திருந்தார்கள், அதுவும் நீளத்துக்கும் வெடித்திருந்தது. சிலாகை மாற்றின நேரம் யாரோ புதிதாகப் பூசின கொழுத்த சீமெந்துச் சாந்து. கூரை மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், வாடைக்கு அசையும். கூடு தன் அத்திவாரத்தில் அசையாமல் நிற்கும். அசைகிறதையும் அசையாததையும் சாந்தால் ஒட்டினால் முதல் கோடையிலேயே வெடிக்கும். என் சிலிக்கனும் அதே வேலையைத்தான் செய்தது.

இத்தோடு பார்வையை முடித்திருப்பேன். எங்களுக்கு வேலை செய்ய வந்த மேசனார் அறுபது தாண்டினவர். "சேர், தண்ணி வாறதப் பாத்திட்டீங்க. புகை எங்கால போகுதெண்டு பாத்தீங்களா?" என்றார். அவர் சொன்னபடி மேலே நாலு வாயையும் ஈரச்சாக்கால் அடைத்து, அடுப்பில் பச்சைப் பொச்சைப் புகைய விட்டோம். மூன்றே நிமிடம்தான், குசினியில் யாரும் நிற்கவில்லை, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. புகையோடு நச்சுக் காற்றும் சேரும் என்பதால் இதில் விளையாடக் கூடாது. வெளியே ஏணியில் நின்று, ஓடு கழற்றின இடைவெளியால் சீலிங்குக்கு மேலே லைற் அடித்துப் பார்த்தேன்.

இரண்டு இடத்தால் புகை வந்தது. ஒன்று செங்கல் இடைவெளி, சாந்து உதிர்ந்த இடம். மற்றது, கூட்டுச் சுவருக்குள் செருகியிருந்த ஒரு சிலாகையின் தலை. மேசனார் அதை இழுத்தார். நாலு அங்குலம் வெளியே வந்தது. நுனி இரண்டு அங்குலமும் கரிக்கட்டி. பெருவிரலால் அழுத்தினால் பொடியாகியது. அந்தச் சிலாகையில் இருந்து ஒரு சாண் தள்ளி என்னுடைய காய்ந்த பிளைவூட் சீலிங். மாமி அந்தக் கரிக்கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிச் சாம்பலுக்குள் போட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் கேஸில்தான் சமையல்.

வேலை ஓகஸ்ட் விடுமுறையில். மரம்தான் முதல். கூட்டைத் தொடுகிற எல்லாச் சிலாகையையும் வெட்டி, சுவருக்கும் மரத்துக்கும் இடையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, குறுக்கே ஒரு துண்டு அடித்துத் தாங்க வைத்தோம். செங்கல் பொருத்துகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சாந்து திணித்தோம். விட்ட பூச்சையும் என் 8,700 ரூபாய்ப் பெயின்றையும் கொத்தி எடுக்க ஒரு முழு நாள். புதுப் பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மண். மண் ஆற்று மண்ணா என்று மேசனார் நாக்கில் வைத்து உப்புப் பார்த்துத்தான் எடுத்தார். வெறும் சீமெந்துப் பூச்சு கல்லுப் போல இறுகும், சூட்டுக்கு விரியத் தெரியாமல் வெடிக்கும். சுண்ணாம்பு சேர்த்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஏழு நாள் ஈரச்சாக்குப் போர்த்தி வைத்தோம். கச்சான் காற்றில் சாக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் தெளிப்பது மகனின் பொறுப்பு, ஒரு தெளிப்புக்கு இருபது ரூபாய் கேட்டான்.

அடுத்தது மூடி. இதில் நான் மேசனாரைக் கேட்கவில்லை. அவர் வராத ஒரு நாள், அவர் வந்து அசந்து போகட்டும் என்று முற்றத்தில் பலகை அடித்து, 3 அடி 3 அங்குலச் சதுரத்தில் 3 அங்குலக் கனத்தில், கம்பி கட்டி அழகாக வார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். சுற்றி நடந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மேல ஆர் தூக்கிற?"

அப்போதுதான் கணக்குப் போட்டேன். ஒரு கன அடி கொங்கிறீற் கிட்டத்தட்ட 68 கிலோ. இது 2.64 கன அடி. 180 கிலோ. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்கு. ஓட்டுக் கூரையில் நாலு பேர் நின்று 180 கிலோவைத் தூக்குவது நடக்காது. அந்த மூடி இப்போது கிணற்றடியில் துவைக்கிற கல்.

இரண்டாவதை மேலேயே வார்த்தோம். செங்கல் காலுக்கு இடையில் பலகை வைத்து முட்டுக் கொடுத்து, அதே சதுரம், இரண்டரை அங்குலக் கனம். 6 மில்லிமீற்றர் கம்பி குறுக்கும் நெடுக்கும் நடுவில். மேலும் கீழும் ஒவ்வொரு அங்குலம் கொங்கிறீற் மூடும்படி சின்னச் சாந்துக் கட்டிகளில் கம்பியை இருத்தினோம். கலவை சீமெந்து, மண், சல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று. மேல்முகம் நடுவில் உயர்ந்து நாலு பக்கமும் சரியும். விளிம்பில் இருந்து ஓரங்குலம் உள்ளே, பலகையின் மேல் சுற்றிவர அரை அங்குலக் கயிறு ஒட்டினோம். பலகை கழற்றியதும் கயிற்றை உரித்தெடுக்க, அடியில் அழகான காடி. விளிம்பால் சுற்றி வருகிற துளி அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டும். நாலு பக்கமும் சுவரை விட ஐந்தரை அங்குலம் வெளியே நிற்பதால் சொட்டுவது சுவரில் படாது. முதல் மழைக்குக் கீழே நின்று அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே நனைந்தேன்.

கடைசியாக ஓடும் கூடும் சேரும் இடம். 26 கேஜ் நாகம் (துத்தநாகம்) பூசின தகடு. காத்தான்குடியில் தகரம் மடிக்கிற கடையில் மடித்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் நாலு துண்டும் வெட்டி, கூட்டில் வைத்துப் பார்த்துத் திருத்தி, மட்டையையே கொண்டு போனேன். அளவு சொல்லி விளங்கப்படுத்துவதை விட அது சுகம். கூட்டின் சுவரில் கிறைண்டரால் ஓரங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் மடித்துச் செருகிச் சாந்தால் அடைத்தோம். கீழ்விளிம்பு ஓட்டின் மேல் சும்மா படுத்திருக்கும், ஒட்டவில்லை. கூரை தன் பாட்டுக்கு அசையலாம். சாந்தில் படுகிற பகுதிக்குத் தார் பெயின்ற் அடித்தேன், பச்சைச் சீமெந்து நாகத்தை அரிக்கும். அலுமினியம் வாங்க நினைத்திருந்தேன். அதை இன்னும் மோசமாக அரிக்கும் என்று கடைக்காரரே தடுத்தார்.

முதுகுப் பக்கத் தகடு மட்டும் பெரியது. சுவரில் 6 அங்குலம் ஏறும், ஓட்டுக்கு அடியால் முகட்டை நோக்கி 12 அங்குலம் போகும். நடுவில் ஒரு சின்ன முகடு போலக் கூனி நிற்கும், அதனால் தண்ணீரும் இலையும் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும். மேசனார் அதற்கு "ஆட்டுக்கூன்" என்று பெயர் வைத்தார்.

செலவு: மேசனார் இரண்டரை நாள், 4,500 படி 11,250. உதவியாள் இரண்டு நாள் 6,000. சீமெந்து இரண்டு பை 4,200, அதில் பாதி துவைக்கிற கல்லுக்குப் போனது. தகடு 4,600, மடித்த கூலி 1,500. கம்பி 2,400. சிலாகை 1,900. மண், சல்லி, சுண்ணாம்பு, தார் பெயின்ற், கிறைண்டர் பிளேட், பழைய ஓடு ஒன்பது எல்லாம் சேர்த்து 5,660. மொத்தம் 37,510. முதலே எறிந்த 11,600 இதில் இல்லை.

திரும்பச் செய்வதென்றால் ஹோஸ் பைப்பும் நீலமும் முதல் நாளே எடுப்பேன், அது இருநூறு ரூபாய் வேலை. பூச்சுப் பூசுவதற்கு முதலே கிறைண்டர் காடியை வெட்டுவேன். ஈரப் பூச்சில் தூசு படிந்து ஒரு பக்கத்தைத் திரும்பப் பூச வேண்டி வந்தது. சீலிங் பலகையை ஆணி அடிக்காமல் ஸ்குறூ போட்டிருப்பேன். இப்போது கூட்டைச் சுற்றி இரண்டடிக்குச் சீலிங்கே இல்லை, நிமிர்ந்தால் ஓடு தெரியும். ஒவ்வொரு புரட்டாதியும் ஏறி முதுகுப் பக்கத்து இலையை அள்ளுவது என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். வேப்பமரம் நிற்கும் வரைக்கும் அதற்கு மாற்று இல்லை.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் வீடுகள் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில் குசினி நனையவில்லை என்று பேச வாய் வரவில்லை. கரண்ட் இல்லை, விறகடுப்பில்தான் சமையல். மாமி மட்டும் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு இடம் இன்னும் மிச்சம். அடுப்புக்குப் பின் சுவரில், தரையில் இருந்து ஒரு முழ உயரத்தில், உள்ளங்கை அளவு ஈரம். மழை இல்லாத நாளிலும் இருக்கிறது, உப்புப் பூக்கிறது. மேலிருந்து வருவதாகத் தெரியவில்லை, நிலத்தால் ஏறுகிறதாக இருக்கலாம். பூச்சுப் பூசவில்லை, பெயின்ற் அடிக்கவில்லை. சுற்றிவரப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தை 4 என்று எழுதி வைத்திருக்கிறேன்.